தில்லிக் காற்றின் இரு பருவங்களும் தூய்மைப் பணியாளரும்

தில்லியின் காற்று மாசு நவம்பரில் தலைப்புச் செய்தியாகிறது, பிப்ரவரியில் மறக்கப்படுகிறது. அந்நகரின் தெருக்களைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்க்கோ மாசு ஓய்வதில்லை; அதன் வடிவம் மட்டுமே மாறுகிறது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று தார்ப் பாலைவனப் புழுதியைச் சுமந்து வருகிறது. சாலைப் புழுதியும் சேர்ந்து, 2.5 முதல் 10 மைக்ரோமீட்டர் வரையிலான பருந்துகள்கள் மிகுகின்றன. இவை பெரும்பாலும் மூக்கிலும் மேல் மூச்சுப்பாதையிலும் படிபவை. பருவமழை இவற்றைக் கழுவிவிடுகிறது. அக்டோபருக்குப் பின் நிலைமை தலைகீழாகிறது. காற்றின் வேகம் தளர்கிறது. நிலத்தை ஒட்டிய குளிர்காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமர்கிறது. வாகனப் புகையும், குப்பையும் பயிர்த்தாளும் எரியும் புகையும் மேலெழ இயலாமல் தேங்குகின்றன. அப்போது மிகுவது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள். நுரையீரலின் ஆழம்வரை செல்வது. அம்மூடி மிகத் தாழ்ந்திருப்பது இரவிலும் விடியலிலும். துடைப்பம் கையிலெடுக்கப்படும் நேரமும் விடியல்தான்.

2009ஆம் ஆண்டின் தேசியத் தரநிலைப்படி, 24 மணி நேரச் சராசரியில் நுண்துகளின் வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 15. வரம்பு எதுவாயினும், அளவுகருவி தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் நிற்கிறது. துடைப்பம் கிளப்பும் புழுதி அதை எட்டுமுன் பெருக்குபவரின் மூச்சில் புகுந்துவிடுகிறது. இந்த மூச்சு எந்தச் சராசரியிலும் இல்லை.

மாசு முற்றும்போது படிப்படியான செயல்திட்டம் நடைமுறைக்கு வருகிறது. பள்ளிகள் மூடப்படும், அலுவலர்கள் வீட்டிலிருந்து பணிபுரியலாம், கட்டுமானம் நிறுத்தப்படும். வேலையிழக்கும் கட்டுமானத் தொழிலாளர்க்கு நல நிதியிலிருந்து பிழைப்பூதியம் வழங்குமாறு 2021இலும் 2024இலும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் தூய்மைப் பணியாளர்க்கு வேலை நிற்பதில்லை; ஆதலால் அந்த நிவாரணமும் அவரைத் தொடுவதில்லை. செயல்திட்டம் அவரை நினைவுகூரும் இடம் வேறு: குளிர்காயக் குப்பையை எரித்துவிடாதிருக்க, குடியிருப்போர் சங்கங்கள் அவர்க்கு மின்கணப்பு தர வேண்டுமாம். மாசுக்கு இரையாகுபவர், மாசை உண்டாக்குபவராகவே ஆவணத்தில் இடம்பெறுகிறார்.

தில்லியில் இப்பணியில் இருப்போரில் பெரும்பாலோர் வால்மீகி சமூகத்தினர். பிறப்பால் ஒதுக்கப்பட்ட தொழில், ஆண்டு முழுவதும் துகளைச் சுவாசிக்கும் தொழிலாகவும் உள்ளது. இதை வெறும் சுற்றுச்சூழல் வழக்காக வாதிடுவது போதாது. உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21ஆம் பிரிவோடு, தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவையும் மனுவில் சேர்க்க வேண்டும். குளிர்காலத்தில் பணிநேரத்தை விடியலிலிருந்து தள்ளிவைத்தல், நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம், ஒப்பந்தப் பணியாளர்க்கும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை ஆகியவற்றைக் கோரிக்கைகளாக முன்வைக்கலாம். இவற்றுள் முதலாவதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை. மாநகராட்சியின் ஒரு சுற்றறிக்கை போதும்.