நம் குப்பை யாருடைய வாசலில்?

வீட்டைப் பெருக்கிக் குப்பையைத் தெருமுனைத் தொட்டியில் கொட்டியவுடன் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். வண்டி வந்து அதை அள்ளிச் செல்கிறது. நம் தெரு தூய்மையாகிறது. ஆனால் அக்குப்பை எங்கே போகிறது? பெரும்பாலும் ஊருக்கு வெளியே வாழும் எளியோரின் வாசலுக்கு அன்றோ!

கேரளத்தின் ஆலப்புழை நகரம் 2012-இல் இவ்வுண்மையை நேருக்கு நேர் சந்தித்தது. அந்நகரின் குப்பை பல ஆண்டுகளாக அருகிலுள்ள சர்வோதயபுரம் என்னும் ஊரில் கொட்டப்பட்டு வந்தது. துர்நாற்றத்தை இனியும் பொறுக்க இயலாத அவ்வூரார் குப்பை வண்டிகளை மறித்தனர். கழிவுகள் நகரத் தெருக்களிலும் கால்வாய்களிலும் குவிந்தன. வேறோர் இடம் தேடலாமே என்று தோன்றும். ஆனால், எந்த ஊர்தான் அதற்கு இசையும்?

எனவே ஆலப்புழை வேறு வழியை மேற்கொண்டது. 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' என்ற திட்டம் அவ்வாண்டு நவம்பரில் தொடங்கியது. ஈரக் குப்பை பிறக்கும் இடத்திலேயே உரமாக வேண்டும் என்பதே அதன் கொள்கை. நகராட்சி மானியம் அளித்தது. வீடுகள்தோறும் உரக்குழாய்களும் சாண எரிவாயுக் கலன்களைப் போன்ற சிறு கலன்களும் அமைந்தன. இடமில்லாத குடும்பங்களுக்காகப் பொது இடங்களில் காற்றோட்டமுள்ள உரத் தொட்டிகள் கட்டப்பட்டன. அவற்றில் சாணம், காய்ந்த இலை, சமையற் கழிவு ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டால், ஏறத்தாழ 90 நாட்களில் உரம் கிடைக்கிறது. காற்று உட்புகுவதால் நாற்றம் எழுவதில்லை. 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, கழிவு மேலாண்மையில் முன்மாதிரியாக விளங்கும் ஐந்து நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது.

இதற்கு மாறான காட்சியும் அதே மாநிலத்தில் உண்டு. கொச்சி நகரின் பிரம்மபுரம் குப்பைமேடு 2023 மார்ச்சு 2-ஆம் நாள் தீப்பற்றியது. ஏறத்தாழ 12 நாட்கள் புகைந்து நகரையே மூச்சுத் திணற வைத்தது. ஈரக் கழிவு காற்றின்றிப் புதையுண்டு அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. அதனோடு பிளாஸ்டிக்கும் கலந்து கிடந்தால், பற்றிய தீ நச்சுப் புகையைக் கக்குகிறது. ஈரமும் உலர்ந்ததும் ஒன்றாய்க் கலப்பதே தீமையின் வேர்.

அக்கலப்பு தொடங்குவது எங்கே? நம் அடுக்களையில்தான்! 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிகளும், ஈரக் குப்பை, உலர் குப்பை, தீங்கு விளைக்கும் குப்பை என மூன்றாகப் பிரித்தளிப்பதை வீட்டாரின் கடமையாக்கின. நகராட்சி எவ்வளவு பணம் செலவிட்டாலும், கலந்துவிட்டதைப் பிரிப்பது கடினம். இறுதியில் அதைத் தன் கையால் கிளறிப் பிரிப்பவர் ஓர் ஏழைத் தொழிலாளியே. உடைந்த கண்ணாடியும் பயன்படுத்திய ஊசியும் அவர் விரல்களைக் கிழிக்கின்றன.

ஆகவே, அன்பு வாசகர்களே, அடுக்களையில் இரண்டு வாளிகளை வையுங்கள். ஊசி, பழைய மருந்து, மின்கலம் முதலியவற்றிற்குத் தனியே ஒரு பெட்டி இருக்கட்டும். கண்ணாடித் துண்டுகளைத் தாளில் சுற்றித் தனியே கொடுங்கள். பிரித்துக் கொடுத்ததை வண்டியில் மீண்டும் ஒன்றாகக் கலந்தால், உங்கள் வார்டு உறுப்பினரிடம் தயங்காமல் கேளுங்கள். பிள்ளைகளையும் இப்பணியில் பழக்குங்கள். நம் வீட்டின் தூய்மை, அயலாரின் வாழ்வை மாசுபடுத்திப் பெற்ற தூய்மையாக இருத்தல் ஆகாது.