காற்றில் உட்கார்ந்தால் எடை எங்கே போகும்?



ஹாரி பாட்டர் படம் பார்த்த பேத்தி, "அப்புச்சி, விளக்குமாத்துல உட்கார்ந்து நெசமாவே பறக்க முடியுமா?" என்றாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். 50 கிலோ ஆள் அந்தரத்தில் நிற்க, நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சுமார் 40 கன மீட்டர் காற்றை நொடிதோறும் கீழே தள்ள வேண்டும். நம் லைன் வீட்டுப் பத்துக்குப் பன்னிரண்டு அறையின் மொத்தக் காற்றையும்விட அதிகம். ஹெலிகாப்டர் அதைத்தான் செய்கிறது. விளக்குமாற்றுக்கு அது ஆகாது. (அப்படியே தள்ளினாலும், மெல்லிய குச்சிமேல் உட்கார்ந்த சூனியக்காரி ஒரு பக்கமாக உருண்டுவிடுவாள்!)

இதை எழுதக் காரணம் பேத்தி இல்லை. என்னிடம் எட்டாவது படித்து, இன்று பவர்டேபிள் நடத்தும் ஒருவன் வீடியோ அனுப்பியிருந்தான். சாமியார் ஒருவர் கோலைப் பிடித்தபடி காற்றில் உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அம்மாவை அவரிடம் கூட்டிப் போகிறானாம்.

தம்பி, இது பழைய வித்தை. 1830 வாக்கில் சென்னையில் சேஷால் என்பவர், கையை மட்டும் ஒரு கோலின்மேல் வைத்து இப்படித்தான் உட்கார்ந்து காட்டினார். ஏறும்போதும் இறங்கும்போதும் போர்வை மறைப்பு. 1936 ஜூனில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையில், சுப்பையா புலவர் என்பவர் துணி சுற்றிய கோலைத் தொட்டபடி மிதக்கும் படங்கள் வந்தன. அவருக்கும் முதலில் துணி மறைப்பு.

பறப்பவருக்குக் கோல் எதற்கு? கோலுக்குள் இரும்புக் கம்பி. அது சட்டைக் கைக்குள் நுழைந்து, உடம்புக்கடியில் இருக்கையாக வளையும். எடை அதன் வழியே தரைக்கு வந்துவிடுகிறது. கவிழாமலிருக்க, ஆளுக்கு நேர் கீழே வரை நீளும் கனமான தகடு, அதன்மேல் கம்பளம். டிவிஎஸ் 50-இல் பின்னால் பீஸ் மூட்டையை அதிகம் ஏற்றினால் முன்சக்கரம் தூக்குமே, அதே ஈர்ப்பு மையக் கணக்குதான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஈர்ப்பு மையத்துக்கு வரையறை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் அவன். அதை மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். கேள்வி கேட்க நான் பழக்கவில்லை. வித்தைக்காரர் வித்தை காட்டிக் காசு வாங்கட்டும், அது உழைப்பு. வைத்தியம் பார்க்க வந்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

தம்பி, அந்தக் கம்பளத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல். எது எப்படியானாலும் அம்மா மாத்திரையை நிறுத்தாதே. ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.