கோழி எருவில் கரண்ட்: எரிப்பதா, புளிக்க வைப்பதா?

நாமக்கல் என்றதும் முட்டை ஞாபகம் வரும். முட்டைக்குப் பின்னால் இருக்கும் எருவைப் பற்றி யாரும் பேசுவதில்லை! ஒரு முட்டைக்கோழி தினமும் சுமார் 100 கிராம் எச்சம் போடும். பத்தாயிரம் கோழி உள்ள பண்ணையில் நாளுக்கு ஒரு டன். அது கூண்டுகளுக்கு அடியில் மாதக்கணக்கில் குவிகிறது. ஈயும் நாற்றமும் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இலவசம்.

இதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்றதும் பலரும் இங்கிலாந்தைத்தான் காட்டுகிறார்கள். அங்கே ஐ என்ற சிற்றூரில் 1992-லேயே கோழிக்கழிவை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். பிறகு தெட்போர்டில் 38.5 மெகாவாட் நிலையம் வந்தது. சரிதான், ஆனால் அங்கே எரிப்பது பெரும்பாலும் கறிக்கோழிக் கொட்டகையின் குப்பை. மரச்சீவல் கலந்தது, ஓரளவு காய்ந்தது. நாமக்கல் கூண்டுக்கு அடியில் விழுவதோ முக்கால் பங்கு தண்ணீர். அதை எரிப்பது ஈர விறகை ஊதுவது மாதிரிதான்.

இன்னொன்று, எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மட்டுமே சாம்பலில் மிஞ்சும். கோழி எருவைக் காசு கொடுத்து வாங்கி வயலுக்குப் போடும் விவசாயிக்கு இது நஷ்டம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வான்கோழிக் கழிவை எரிக்க 2007-ல் தொடங்கிய 55 மெகாவாட் நிலையம், கரண்ட் விலை கட்டுபடியாகாமல் 2018-ல் மூடப்பட்டது.

எனவே நமக்கு ஏற்றது சாண எரிவாயு வழிதான். வாயு போக மிஞ்சும் கரைசலில் தழைச்சத்து அப்படியே இருக்கும். 2000-களில் நாமக்கல் பகுதியிலேயே இந்த முறையில் 2.4 மெகாவாட் நிலையம் அமைத்துக் காட்டினார்கள்.

சிக்கல் இல்லாமல் இல்லை. கோழி எச்சத்தில் தழைச்சத்து அதிகம். அது அம்மோனியாவாக மாறி, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களையே முடக்கிவிடும். தண்ணீர் ஊற்றிக் கரைக்கலாம். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் கிடைக்காத ஊரில் எங்கே போவது? இங்கேதான் சவ்வரிசி ஆலைகள் கைகொடுக்கும். சேலம், நாமக்கல் பக்கம் அவற்றுக்குக் குறைவில்லை. திப்பி தீவனத்துக்குப் போய்விடும். கழிவுநீர்தான் தலைவலி. மாவுச்சத்து நிறைந்த அந்த நீர் எருவோடு சேர்ந்தால் தண்ணீர்ப் பிரச்சனையும் குறையும், அம்மோனியாவும் கட்டுக்குள் இருக்கும். (தீவனத்தில் போடும் சுண்ணாம்புக் கல் தொட்டியின் அடியில் படிந்துகொண்டே இருக்கும், அதை அள்ளவும் வழி வைக்க வேண்டும்.)

ஒரு நிபந்தனை: எரு புதிதாக இருக்க வேண்டும். ஆறு மாதம் கிடந்த எருவில் வாயு பாதி போயிருக்கும். தினமும் அள்ள ஆள் கூலி யார் கொடுப்பது? சின்னப் பண்ணைக்காரரால் தனியாக முடியாது. பத்து, இருபது பண்ணைகள் சேர்ந்து பொது நிலையம் வைத்து, எருவுக்கு டன் கணக்கில் விலையும், கரைசலில் பங்கும் கொடுத்தால் அவர் அள்ளிக் கொடுப்பார். மின்வாரியம் யூனிட்டுக்கு என்ன விலை தரும் என்பதை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் எரு கூண்டுக்கு அடியிலேயேதான் கிடக்கும்.