ஆடுகளம் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரங்கம் ஒன்று உண்டு. மாணவர் ஆட்டத்தை 1,07,601 பேர் அமர்ந்து காணலாம். அங்கே 'ஃபுட்பால்' என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். நம் கால்பந்து அன்று. நம் கல்லூரி மைதானத்திலோ கேலரியே இல்லை. வேப்பமர நிழல்தான் உண்டு.

அதனால் குறைந்துவிட்டோமா? 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில், மோகன் பகான் அணி ஆங்கிலேயப் படைப்பிரிவு அணி ஒன்றை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். மைதானமும் ஆங்கிலேயர் கழகத்தினுடையதே! ரயிலிலும் படகிலும் வந்து திரண்ட மக்களே அதைச் சொந்த மண்ணாக்கினர்.

நம் அணி ஆடும்போதோ எல்லைக்கோட்டருகே இருபது பேர்கூட இல்லை. காரணம் ஆர்வக்குறைவு அன்று. ஆட்டம் மாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறது. சோழவந்தானைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் செல்வோர், குறிப்பாக மாணவியர், பேருந்தைத் தவறவிட்டால் வீடு சேர இரவாகிவிடும். நானும் முதற்பாதியோடு ஓடிப் பேருந்தைப் பிடிப்பவனே.

ஆட்ட நாள்களில் கடைசி இரண்டு பாடவேளைகளை ஒரு சனிக்கிழமைக்கு மாற்றி, ஆட்டத்தை மூன்று மணிக்கே தொடங்கலாமே! ஆய்வக வகுப்பும் கெடாது. ஆட்டத்தையும் முழுதாய்க் காணலாம். கேலரி கட்டப் பெரும்பணம் வேண்டும். இதற்கோ ஒரு சுற்றறிக்கை போதும். பேராசிரியப் பெருமக்கள் சிந்திப்பார்களாக!