பழைய ஜீப்புக்கு முதல் செலவு எது?

பழைய ஜீப் வாங்குன ஆளுங்க அடுத்த வாரம் எங்க நிக்கறாங்கன்னு பாருங்க. பெயின்ட் அடிக்கிற பட்டறையில. அதுக்கப்புறம் அகலமான டயரு, முன்னாடி நாலு லைட்டு, உள்ள ஸ்பீக்கரு. பிரேக் எப்படின்னு கேட்டா, "புடிக்குதுங்க, ரெண்டு தடவை அமுக்கணும், அவ்வளவுதான்"ங்கறாங்க. என் கருத்து இதுதான்: பழைய ஃபோர் வீல் ஜீப்புக்கு முதல் செலவு நிக்கறதுக்கு, ரெண்டாவது திரும்பறதுக்கு, மூணாவதுதான் ஓடறதுக்கு. பெயின்ட் எல்லாம் அடுத்த வருசம் வெள்ளாமை வந்தா பாத்துக்கலாம்.

சந்தையில மாடு வாங்கப் போனா பல்லைப் புடிச்சுப் பாக்கறோம், சுழி பாக்கறோம், மடியை அமுக்கிப் பாக்கறோம், நாலு எட்டு நடக்க விட்டுப் பாக்கறோம். அதே ஆளு ஜீப்புன்னா ஹாரனை அடிச்சுப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துடறாரு!

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நம்ம பக்கத்துல ஜீப்புங்கறது ஒரு ஆளு ஓட்டிட்டுப் போற வண்டி இல்லீங்க. காலையில பால் கேன், மத்தியானம் தீவன மூட்டை, ராத்திரி யாருக்காவது வலின்னா ஆஸ்பத்திரிக்கும் அதேதான். பிரேக் போனா போறது நம்ம உசுரு மட்டும் இல்ல.

எங்க வீட்டுக்கு இப்ப வந்திருக்கறது மஹிந்திரா எம்.எம். 540. பியூஜோ எக்ஸ்.டி.பி. டீசல் என்ஜின், 2112 சி.சி. "இந்த என்ஜினுக்குச் சாவே கிடையாது"ன்னு விக்கறவங்க எல்லாரும் சொல்வாங்க. சரி, இருக்கட்டும். ஆனா ட்ரம்முக்குள்ள இருக்கற ரப்பருக்குச் சாவு உண்டே? அதனால நாலு வீலையும் கழட்டி ட்ரம்மைத் திறந்துதான் ஆகணும். வீல் சிலிண்டரோட ரப்பர் மூடியை விரலால தூக்கிப் பாருங்க, உள்ள ஈரம் இருந்தா கசியுதுன்னு அர்த்தம். லைனர்ல ஆயில் ஊறியிருந்தா அதைத் துடைச்சு மாட்டற வேலை வேண்டாம், மாத்திடுங்க. ரொம்பப் பழைய ஜீப்புகள்ல நாலு வீலுக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஒரு இடத்துல ஒழுகினா நாலும் போச்சு. பிரேக் ஆயிலும் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கற சரக்கு. தண்ணி சேர்ந்த ஆயில் மலை இறங்கும்போது சூட்டுல கொதிச்சு ஆவியாகும். அப்ப பெடலை மிதிச்சா வெறும் காத்தை மிதிச்ச மாதிரி இருக்கும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. எத்தனாவது வளைவுல அது நடக்கணும்னு நாம முடிவு பண்ண முடியாது. பழைய ஆயிலை மொத்தமா வெளியேத்தி புதுசு ஊத்தறதுக்கு ஆகற செலவு ஒரு மூட்டை தீவனத்தை விடக் கம்மி.

அடுத்தது ஸ்டீயரிங். முன் வீலை ஜாக்கி வெச்சுத் தூக்கி, மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆடினா வீல் பேரிங், இல்லைன்னா கிங் பின் தேஞ்சிருக்கு. பக்கவாட்டுல ஆடினா டை ராடு. குழியில இறங்கி ஏறும்போது ஸ்டீயரிங் கையில நிக்காம கிடுகிடுன்னு உதறுதுன்னு சொல்றாங்களே, பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணுதான். அகலமான டயரு போட்டா இந்தத் தேய்மானம் இன்னும் கூடும். டயரு பாக்கும்போது பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்கத்தையும் படிங்க. 2316ன்னு இருந்தா 2016ஆம் வருசம் 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருக்குன்னு ஏமாறக் கூடாது, ரப்பர் வெடிச்சிருக்கும்.

ஆயில் விசயத்துல என்ஜினோட நிறுத்திக்கறவங்கதான் அதிகம். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங்னு இன்னும் நாலு இடம் இருக்கு. மோர் மாதிரி வெளுத்து வந்தா தண்ணி புகுந்திருக்கு. ஓடை தாண்டுற வண்டிக்கு இது சகஜம், சீலையும் பிரீதரையும் பாக்கச் சொல்லுங்க. இரும்புத் தூள் வந்தா மட்டும் மெக்கானிக்கை உக்கார வெச்சுப் பேசணும்.

என்ஜினைக் காலையில பச்சையா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாப் போதும். நீலப் புகை நிக்காம வந்தா ஆயில் எரியுது. ரேடியேட்டருக்கு மட்டும் தயவு செஞ்சு போர் தண்ணி ஊத்தாதீங்க. நம்ம சொட்டு நீர்க் குழாயை அடைக்கிற அதே உப்புதான் அங்கயும் அடைக்கும்.

கடைசியா அந்தச் சின்ன கியர் கம்பி. ஜீப் ஃபோர் வீல்னு பெருமையாச் சொல்லிட்டு தார் ரோட்டுல அதைப் போட்டு ஓட்டறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வருது. வளைவுல முன் வீலும் பின் வீலும் ஒரே தூரம் ஓடாது. இந்த மாதிரி ஜீப்புல அந்த வித்தியாசத்தை வாங்கிக்க நடுவுல எதுவும் கிடையாது. சேத்துல டயரு வழுக்கிச் சரி பண்ணிக்கும். தார்ல வழுக்காது, முறுக்கு முழுக்க கிராஸ் மேலயும் பல் சக்கரத்து மேலயும் ஏறும். கம்பி இறுகி வராம நின்னா அடிச்சுப் புடுங்காதீங்க, கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தா தானா விடும். அதுக்காக வருசம் பூரா தொடாமலும் வெக்கக் கூடாது. மாசம் ஒருக்கா உழுத காட்டுல ஃபோர் வீல் போட்டு ரெண்டு சுத்து சுத்திட்டு வாங்க. முன் ஹவுசிங்குக்கும் ஆயில் ஏறும். ஹப்புல லாக் இருக்கற வண்டின்னா, இறங்கி ரெண்டு பக்கமும் திருப்பிட்டுக் கிளம்புங்க. ஒரு பக்கம் மட்டும் திருப்பினா முன்னாடி இழுக்கவே இழுக்காது.