பட்டாணி நுவரெலியாவுக்கு, பயித்தங்காய் நமக்கு



யூடியூப்பில் பார்த்துவிட்டு, தோலோடு கடித்துச் சாப்பிடும் இனிப்புப் பட்டாணியின் விதை எங்கே எடுக்கலாம் என்று கேட்கிற பெற்றோர் இப்போது கூடிவிட்டார்கள். என் கருத்தை நேராகச் சொல்கிறேன். மருதமுனையில் அதற்குச் சல்லியைக் கொட்டாதீர்கள்.

'சுகர் ஸ்னப்' என்கிற அந்த இனம் 1979 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பட்டாணி குளிர்ப் பயிர். வெக்கை கூடினால் பூ கொட்டும், காய் பிடிக்காது. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான். நம் கடற்கரையில் ஜனவரி மாதத்துப் பகலிலேயே 27, 28 வந்துவிடும். கொடி வரும், இலை வரும், போட்டோவும் எடுக்கலாம். கறிக்கு ஒன்றும் வராது.

தோலோடு சாப்பிடுகிற காய்தான் வேண்டுமென்றால் நம்மிடம் பயித்தங்காய் இருக்கிறதே! பிஞ்சைப் பச்சையாகவே கடிக்கலாம். வெயிலுக்கு அஞ்சாது. விதை போட்டு இரண்டு மாதத்துக்குள் காய் பறிக்கலாம். வேர் முடிச்சுகளில் இருக்கும் பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால் யூரியாவும் பெரிதாகத் தேவைப்படாது. பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பாடமாக்கி எழுதுகிறார்கள். ஒரு செடியைப் பிடுங்கி அந்த முடிச்சைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நம் மண் மணல். ஊற்றுகிற தண்ணீரும் உரமும் கீழே ஓடிவிடும். ஆகவே குழிக்குள் மாட்டெருவும் காய்ந்த இலையும் நிறையப் போட வேண்டும். நவம்பர், டிசம்பர் அடைமழையில் தண்ணீர் நிற்கிற வளவென்றால் மண்ணை உயர்த்திப் போடுங்கள், அல்லது மழை தணிந்த பிறகு நடுங்கள். ஓர் அடிக்கு ஒரு விதை போதும். கொடி ஏற நூல் கட்டுங்கள். கைத்தறி ஊரில் நூலுக்கா பஞ்சம்? நுனியில் கறுப்புப் பேன் மொய்த்தால் விடியற்காலையில் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். விட்டுவைத்தால் இலை சுருண்டு நோய் பரவும்.

2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. (நமக்கு வெள்ளியில் பாதி நாள் ஜும்ஆவோடு போய்விடும், அது வேறு கதை.) அன்று நட்டவர்களில் பலர் கடையில் மரக்கறி மலிந்ததும் விட்டுவிட்டார்கள். இப்போது வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதிக்கிறோம். முற்றம் துப்புரவாக இருக்கிறதுதான். ஆனால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் றோட்டுக்கு ஓடுகிறது, கிணற்றுக்குச் சேர்வதில்லை. கடலோரக் கிணற்றில் நல்ல தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறும். கல் பதிக்கிறவர்கள் மதிலோரமாக இரண்டடி மண்ணையாவது விட்டுவையுங்கள். பயித்தங்கொடிக்கு அது தாராளம்.

விதைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கொடியிலேயே முற்றிக் காய்ந்த காயை உடைத்தால் அடுத்த போகத்துக்கு விதை. என்னிடம் ஒரு போத்தல் நிறைய இருக்கிறது. வேண்டியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.