கையெழுத்து சிறாரின் குணச்சான்று ஆகாது

கூர்நோக்கு இல்லங்களில் இருக்கும் சிறாரின் கையெழுத்தை வைத்து அவர்களுடைய குணத்தையோ குற்ற மனப்பான்மையையோ கணிப்பதை எங்கள் அமைப்பு எதிர்க்கிறது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வைக்கப்படும் எந்த அறிக்கையிலும் அப்படியொரு கணிப்பு இடம்பெறக் கூடாது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்கோ மெக்கானிக் பட்டறைக்கோ போன பையன் பேனா பிடித்தே வருடக்கணக்காகியிருக்கும். புது இடத்தின் பயத்தோடு தரையில் உட்கார்ந்து, தொடைமேல் அட்டையை வைத்து எழுதுகிறான். றகரமும் ரகரமும் குழம்புகின்றன. வரி ஏறி இறங்குகிறது. அழுத்திய அழுத்தில் பேனா முனை தாளைக் கிழிக்கிறது. இதைப் பார்த்து 'முரட்டுச் சுபாவம்' என்று எழுதுவது அநியாயம். அந்தத் தாளில் தெரிவது அவனுக்குக் கிடைக்காமல் போன பள்ளிக்கூடம். சில வேளை பார்வைக் கோளாறு, அல்லது யாரும் கவனிக்காமல் விட்ட கற்றல் குறைபாடு.

கணிப்பு விதிகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ரோமன் எழுத்தை வைத்து உருவானவை. 'டி'யின் குறுக்குக்கோட்டுக்குச் சொன்ன பலனைத் தமிழ்ச் சுழிக்கும் கொம்புக்கும் ஏற்றிச் சொல்ல அடிப்படையே இல்லை. ரோமன் எழுத்திலும் அவை தேறவில்லை. வேலைக்கு ஆளெடுப்பதில் இந்தக் கணிப்பு எந்த அளவுக்குப் பலித்தது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து நெட்டர், பென்-ஷக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1989இல் ஆராய்ந்தார்கள். கையெழுத்துக் கணிப்பாளர்கள், அந்தப் பயிற்சியே இல்லாத உளவியலாளர்களை மிஞ்சவில்லை.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவுதான் எங்கள் கவலைக்கு முதல் காரணம். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 வயது நிறைந்த சிறாரின் மன, உடல் திறனையும், விளைவை உணரும் திறனையும், குற்றம் நடந்த சூழ்நிலையையும் குழுமம் மதிப்பிட வேண்டும். அந்தச் சிறுவன் பெரியவர்களைப் போல விசாரிக்கப்படுவானா என்பது அந்த மதிப்பீட்டைப் பொறுத்தது. அது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை 2022இல் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டி, உளவியல் வல்லுநர்களின் துணையை வலியுறுத்தியது. அந்த இடத்தில் எழுத்தின் சாய்வும் அழுத்தமும் பேசக் கூடாது.

ஓர் ஆவணத்தை எழுதியது யார் என்று ஒப்பிட்டுச் சொல்லும் தடயவியல் வேலை வேறு. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஒப்பீட்டுக்காகக் கையெழுத்து மாதிரி வாங்குவதை உச்ச நீதிமன்றம் 1961இலேயே ஏற்றது. ஆனால் உண்மை கண்டறியும் சோதனை போன்றவற்றைச் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று 2010இல் தீர்ப்பளித்தது. ஒப்பீட்டுக்கு வாங்கிய தாளை மனத்தைத் துருவப் பயன்படுத்துவது இந்த எல்லையை மீறுவதாகும் என்றே நாங்கள் கருதுகிறோம்.

நன்னடத்தை அலுவலர்களுக்கான பயிற்சியில் கையெழுத்துக் கணிப்பைச் சேர்க்கக் கூடாது. எழுதத் திணறும் சிறுவனுக்குக் கண் பரிசோதனையும் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனையும் செய்ய வேண்டும். இத்தகைய கணிப்பு ஏற்கெனவே கோப்பில் ஏறியிருந்தால், அதை நீக்கக் கோரிக் குழுமத்தில் மனு கொடுக்கப் பெற்றோருக்கு நாங்கள் கட்டணமின்றி உதவுவோம்.